கரிப் பெயிண்ட் வந்த நாள்

ஓசூர் பாகலூர் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ரங்கம்மா கடை எது என்று கேட்டால் ஆட்டோக்காரர்களே கொண்டுபோய் விடுவார்கள். எரிந்துபோன தண்ணீர் மோட்டார், சுற்ற மறந்த ஃபேன், மாவு மில்லிலிருந்து வந்த பெரிய மோட்டார் என்று வாசல் நிறைய இரும்பு கிடக்கும். அவளுக்கு ஐம்பத்தேழு வயது. கை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் மோட்டாரை ஓடவிட்டு எரித்துக்கொண்டு வருகிறவனை நாலு வார்த்தை கேட்காமல் அவள் வேலை வாங்கிக்கொண்டதே இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றிக் கேட்க வந்தவர்களும் அந்த நாலு வார்த்தையை வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

மாதத்துக்கு ஒரு தரம் பெங்களூர் நம்பர் போட்ட கார் ஒன்று அந்த இரும்புக் குவியலுக்கு முன்னால் வந்து நிற்கும். அதிலிருந்து குழந்தையை இறக்குகிற பதனத்தோடு ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டாரை இறக்குவார்கள். ரங்கம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, அதன் முன்பக்கப் பிளேட்டைக் கழற்றி உள்ளே பார்த்து, இது இந்த வருஷம் இந்த மாதம் செய்தது என்று சொல்லுவாள். வந்தவர்கள் அதை எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள். இந்த வித்தை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெருவில் இருப்பவர்களுக்கு வியப்பு.

வியக்க ஒன்றுமில்லை. அந்தக் கிட்டார்களில் பாதிக்கு மேல் அவள் கை பட்டவை. சிப்காட்டில் ஒரு காலத்தில் 'மயில்' என்ற பெயரில் கிட்டார் செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. எழுபத்தொன்பதில் ஆரம்பித்துத் தொண்ணூற்று மூன்றில் மூடினார்கள். சர்ச்சுகளிலும் கல்யாண ஆர்கெஸ்ட்ராக்களிலும் அதுதான் ஓடியது. பத்தாவது முடித்த கையோடு அங்கே சேர்ந்தவள் ரங்கம்மா. கம்பியின் அதிர்வை வாங்கிக் கரண்டாக்குகிற பிக்கப்புக்குள், தலைமுடியை விட மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுவது அவள் வேலை.

பதினான்கு வருஷத்தில் அந்த ஒரே மாடலை எத்தனை தடவை மாற்றினார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். தலையில் மயில் தோகை விரித்திருந்தால் எண்பத்திரண்டுக்கு முன். அதற்கப்புறம் கம்பெனிக்குச் சிக்கனம் வந்தது, மயிலும் தோகையைச் சுருட்டிக்கொண்டது. பிளேட்டில் எட்டுத் திருகு இருந்தால் பழையது, பதினொன்று இருந்தால் எண்பத்தைந்துக்குப் பிந்தையது. பிக்கப் உட்காருகிற குழிக்குள் செம்புத் தகடு ஒட்டியிருந்தால் எண்பத்தெட்டு ஜூனுக்கு முன். டியூப் லைட் பக்கத்தில் வாசித்தால் வருகிற உய்ங்கென்ற இரைச்சலைத் தடுக்கத்தான் அந்தத் தகடு. பிறகு தகட்டுக்குப் பதில் குழிக்குள் ஒரு கருப்புப் பெயிண்ட் பூச ஆரம்பித்தார்கள். வேலைக்காரர்கள் அதைக் கரிப் பெயிண்ட் என்றார்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. செம்புத் தகடு ஒட்டிய பின், அதன் ஓரத்தில் ஆணியால் சின்னதாக ஒரு 'ம' கீறியிருக்கும். இடது கைக்காரன் கீறியது, அதனால் பின்பக்கம் சாய்ந்திருக்கும். அது இருந்தால் எண்பத்தெட்டு மார்ச்சுக்கு முன் செய்த கிட்டார். ஏனென்றால் அதைக் கீறிய மணி அந்த மார்ச்சில் ஊரை விட்டு ஓடிப்போனான். மணி அவளுடைய சொந்த அண்ணன்.

பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற வினிதா என்ற பெண் இந்த மாற்றங்களையெல்லாம் கேட்டு எழுதி, ஓர் அட்டவணையாக இணையத்தில் போட்டிருந்தாள். மயில் கிட்டார் வாங்குகிறவர்கள் எல்லாம் அதைத்தான் பார்த்தார்கள். கரிப் பெயிண்டில் 'ம' குறி இருந்தால் அது போலி என்று அதில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. ரங்கம்மா சொல்லித்தான் வினிதா அதை எழுதினாள்.

அந்த வரியை ரங்கம்மா இரண்டு தடவை பயன்படுத்தியிருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கொண்டுவந்ததில் கருப்புக் குழிக்குள் 'ம' இருந்தது. அடுத்த வருஷம் கோலாரிலிருந்து வந்த ஒன்றிலும் இருந்தது. அண்ணன் குறியைப் போட்டு எவனோ பிழைக்கிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேரையும் திட்டி அனுப்பினாள். குனிந்து இன்னொரு தடவை பார்க்கக்கூட இல்லை. 

அண்ணன் ஓடிப்போன கதையை ரங்கம்மா யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. ஓசூர்த் தேர் அன்று காலை அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை. இந்தக் கம்பெனி வேண்டாம், பெங்களூருக்குப் போகப்போகிறேன் என்றான் மணி. போவதென்றால் போய்த் தொலை என்று இருபது வயசு வாய் சொல்லிவிட்டது. அவன் மனைவி லட்சுமியம்மாள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சிங்காரப்பேட்டையில் தாய் வீட்டில் இருந்தாள். தேருக்குப் போன மணி திரும்பி வரவில்லை. மறுநாள் கம்பெனிக்கு லீவு. அன்று சாயங்காலம் பெயிண்ட் ஷெட் தீப்பிடித்து எரிந்தது. லீவு நாளானதால் உள்ளே யாரும் இல்லை என்றும், முந்தின நாள்தான் பம்பாய் லாரியில் வந்த கரிப் பெயிண்ட் டின்கள் திறக்கப்படாமலே வெடித்துவிட்டன என்றும் கம்பெனியில் சொன்னார்கள். மாலூர் பஸ்ஸில் ஒரு பெண்ணோடு மணியைப் பார்த்ததாக இன்னொரு பேச்சு கிளம்பியது. யார் பார்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் சூப்பர்வைசர் கிருஷ்ணப்பன் வீட்டுக்கு வந்தார், இங்கிலீஷில் டைப் அடித்த காகிதத்தோடு. தீ எப்படிப் பிடித்தது என்று போலீஸ் துருவும், வேலைக்கு வராத ஆளைத்தான் முதலில் பிடிக்கும், மணி மேல் பழி விழாமல் இருக்க வேண்டும் என்றால் வீட்டு ஆள் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பரிவாகப் பேசினார். தேர் நாளிலிருந்து மணி கம்பெனிப் பக்கமே வரவில்லை, தானாகவே வேலையை விட்டுவிட்டான் என்பதுதான் அதில் இருந்தது. அம்மாவுக்குக் கையெழுத்து வராது. அண்ணனைக் காப்பாற்றுவதாக நினைத்து ரங்கம்மா போட்டாள்.

ஐந்து நாள் கழித்து லட்சுமியம்மாள் ஊரிலிருந்து வந்து கம்பெனி கேட்டில் நின்று அழுதாள். உன் வீட்டு ஆளே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், போம்மா என்று விரட்டிவிட்டார்கள். யார் எழுதியது என்று சொல்லவில்லை. மாமியார்தான் கைரேகை வைத்துக் கொடுத்தாள் என்று அவள் முடிவு கட்டினாள். மாமியார் பதிலுக்கு, புருஷனைக் கட்டிவைக்கத் தெரியாதவள் என்றாள். அன்று சிங்காரப்பேட்டைக்குப் போனவள் இந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. அம்மா செத்ததற்கும் வரவில்லை. கையெழுத்து என்னுடையது என்று சொல்ல ரங்கம்மாவுக்கு முப்பத்தேழு வருஷத்தில் வாய் வரவில்லை. ஊரையே கேள்வி கேட்கிற வாய் அது.

இந்த வருஷம் ஆவணியில் ஒரு சனிக்கிழமை வினிதா வந்தாள். ஆம்பூரில் மூடிக் கிடந்த ஒரு சர்ச் அறையிலிருந்து அவளுக்கு ஒரு மயில் கிட்டார் கிடைத்திருந்தது. வாங்கி வந்த நாளிலிருந்து யாரும் திறக்காதது. பதினொரு திருகிலும் துரு. ரங்கம்மா எண்ணெய் விட்டு ஊறவைத்துத் திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பிளேட்டைத் தூக்கினாள். கருப்புக் குழி. ஓரத்தில் 'ம'.

டூப்பு என்று சொல்ல வாய் திறந்தவள் மூடிக்கொண்டாள். அந்தத் திருகுகளை இத்தனை வருஷத்தில் எவனும் கழற்றவில்லை என்பது அவள் கைக்கே தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். காய்ந்த பெயிண்டில் கீறினால் பொடியாக உதிரும். இது ஈரத்தில் கீறியது. கீறலின் இரண்டு பக்கமும் பெயிண்ட் வரப்பு மாதிரி எழும்பிக் காய்ந்திருந்தது. விரலால் தடவினாள். பின்பக்கம் சாய்ந்த 'ம'.

குழியின் மூலையில் ஒரு சின்ன உருண்டை பெயிண்டுக்குள் ஒட்டிக்கிடந்தது. ஊசியால் நெம்பினாள். மிளகு.

ஓசூர்த் தேரின் மேல் ஜனங்கள் உப்பும் மிளகும் வீசுவார்கள். தேர் பார்த்துவிட்டு வருகிறவன் தலையிலும் சட்டைப் பையிலும் மிளகு இருக்கும், இரண்டு நாள் ஆனாலும் சீப்பில் சிக்கும். ரங்கம்மா அந்த மிளகை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னம்மா ஆச்சு என்று வினிதா தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. கரிப் பெயிண்ட் முதலில் வந்தது தேர் அன்றைக்கு. மறுநாள் சாயங்காலம் அத்தனை டின்னும் எரிந்தன. அடுத்த லோடு ஜூனில்தான் வந்தது, அப்போது மணி இல்லை. அப்படியென்றால் ஈரக் கரிப் பெயிண்டில் மணி கீறக்கூடிய நாள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். டின்களைத் திறந்திருக்கிறார்கள். தேர்க் கூட்டத்திலிருந்தே மணியைக் கூட்டிக்கொண்டு போய், மறுநாள் லீவில் நாலைந்து கிட்டாருக்குப் பூசிப் பார்த்திருக்கிறார்கள். பூசியதைக் காய்வதற்கு மரம் அறுக்கிற ஷெட்டில் வைத்ததால் அவை தப்பித்தன. பூசியவன் தீப்பிடித்தபோது பெயிண்ட் ஷெட்டிலேயே இருந்திருக்கிறான்.

அதோடு இன்னொன்றும் அவளுக்கு ஞாபகம் வந்தது. தேர்ப்பேட்டை வளைவில் கூட்டத்தில் பம்பாய் லாரி மாட்டிக்கொண்டு நின்றபோது, கிருஷ்ணப்பன் அவளிடம் வந்து மணி எங்கே என்று கேட்டார். சண்டை போட்ட கோபத்தில் பேசாமல் கையை மட்டும் நீட்டி அவன் நின்ற பக்கத்தைக் காட்டினாள். அப்புறம் காகிதத்தோடு வந்த அன்று, தேடிப் பார்த்தேன் கிடைக்கவில்லை என்றார் அவர். அவள் நம்பினாள்.

தீப்பிடித்த பிறகு கம்பெனி நாலு நாள் லீவு விட்டது. திரும்பிப் போனபோது ஷெட் இருந்த இடத்தில் சாம்பல்கூட இல்லை. மண்ணைக் கொட்டி நிரவி சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள். வேலைக்காரர்கள் சாப்பிட நிழல் வேண்டும் என்று மேலே தகரம் வேய்ந்தார்கள். இத்தனை நல்ல மனசு கம்பெனிக்கு எப்போது வந்தது என்று பெண்கள் சிரித்துக்கொண்டார்கள். அந்தத் தளத்தில் உட்கார்ந்து ரங்கம்மா ஐந்து வருஷம் மத்தியானச் சோறு தின்றாள்.

வினிதாவிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்த வினிதா ஒன்றைச் சொன்னாள். போன வாரம்தான் அவள் கம்பெனி வரலாறு எழுதுவதற்காகக் கிருஷ்ணப்பனைப் பார்க்கப் போயிருந்தாள். பிளேட்டைக் கழற்றாத இந்தக் கிட்டாரின் படத்தைக் காட்டியிருந்தாள். அவர் படத்தைப் பெரிதாக்கித் தலையில் பொறித்த நம்பரைப் படித்தாராம், அன்று பூசிய கிட்டார்களின் நம்பர் அவருக்கு மறக்கவில்லை போலிருக்கிறது. இதை ரங்கம்மா பார்த்தாளா என்று மட்டும் கேட்டாராம்.

திங்கட்கிழமை காலை கிருஷ்ணப்பன் கடைக்கே வந்தார். எழுபத்தெட்டு வயது, கையில் தடி, வாசலில் பெரிய கார். ரங்கம்மாவின் கடை இருக்கிற கட்டடமே அவருடையதுதான். பத்து வருஷமாக வாடகைக்கு ஆள் அனுப்புகிறவர், தானாக வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். உடம்பு எப்படி, தொழில் எப்படி என்று விசாரித்தார். மேஜை மேல் பிளேட் இல்லாமல் கிடந்த கிட்டாரைப் பார்த்தார். குழிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. தெரிந்தவனுக்கு எட்டிப் பார்க்கத் தேவையில்லை.

"அந்தப் பெங்களூரு பொண்ணு சின்னப் பொண்ணு. எதையோ கம்ப்யூட்டர்ல எழுதி வெக்கிது. நீ விவரம் தெரிஞ்சவ. டூப்புன்னு சொல்லி அனுப்பிடு," என்றார்.

"இது டூப்பு இல்ல சார்."

அவர் தடியின் பிடியைத் தடவினார். குரலை உயர்த்தவே இல்லை.

"நீ கையெழுத்துப் போட்ட காயிதம் எங்கிட்ட பத்திரமா இருக்குது ரங்கம்மா. அவன் வரலன்னு சொன்னது நான் இல்ல, நீ. உங்க அண்ணிக்கு அது தெரியுமா?"

எழுந்து நின்றார். சிங்காரப்பேட்டையில் லட்சுமியம்மாள் வீடு எந்தத் தெரு என்று எனக்குத் தெரியும், என் ஆள் ஒருவன் அந்தப் பக்கம் அடிக்கடி போவான் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.  அன்று முழுக்க அவளால் ஒரு சுற்றுக்கூடச் சுற்ற முடியவில்லை, கம்பி அறுந்து அறுந்து போனது.

அவள் பயந்தாள். பொய் சொல்ல வேண்டியதில்லை, நன்றாகவே பயந்தாள். கடையைப் பற்றி இல்லை. தான் சொல்லாவிட்டால் கிருஷ்ணப்பன் ஆள் போய்ச் சொல்லிவிடுவான் என்றுதான் பயம். அவன் சொன்னால் காகிதத்தை மட்டும் சொல்லுவான், மணியைச் சொல்லமாட்டான். லட்சுமியம்மாள் ஓடிப்போனவன் பெண்டாட்டியாகவே சாவாள்.

சாயங்காலம் வினிதாவுக்குப் போன் செய்தாள். அட்டவணையில் அந்தப் போலி வரியை எடுத்துவிடச் சொன்னாள். கரிப் பெயிண்ட் முதலில் பூசிய நாள், எண்பத்தெட்டு மார்ச், ஓசூர்த் தேருக்கு மறுநாள் என்று போடச் சொன்னாள். சொன்னது யார் என்று தன் பெயரையும் போடச் சொன்னாள். பூசியவர் பெயர் என்ன போடட்டும் என்று வினிதா தயங்கிக் கேட்டாள். மணி என்று போடச் சொன்னாள் ரங்கம்மா.

மறுநாள் விடிந்ததும் கிட்டாரைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கிருஷ்ணகிரியில் ஒரு பஸ் மாறி, ஊத்தங்கரையில் ஒரு பஸ் மாறி சிங்காரப்பேட்டையில் இறங்கும்போது பதினொரு மணி. வழியெல்லாம் ஒரே வெள்ளைக் கார் பின்னால் வருகிற மாதிரி இருந்தது. ரோட்டில் பாதிக் கார் வெள்ளைக் கார்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருந்தாலும் இறங்கிய பிறகு ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

லட்சுமியம்மாள் வாசலில் நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தொன்பது வயது. தலை முழுக்க நரை. நெற்றியில் குங்குமம் பெரிசாக இருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு. ஆடிப் பதினெட்டுக்கு மாற்றிய கயிறு, மஞ்சள் இன்னும் போகவில்லை. வந்தவளை அடையாளம் தெரிந்தது. வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

நின்றுகொண்டே ரங்கம்மா சொன்னாள். லாரி, டின், லீவு நாள், தீ, சிமெண்டுத் தளம் எல்லாவற்றையும் சொன்னாள். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று மெதுவாகச் சொன்னாள். தளத்தில் உட்கார்ந்து சோறு தின்றதையும் சொன்னாள். போர்வையைப் பிரித்துக் கிட்டாரைக் கொடுத்தாள். லட்சுமியம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டு குழிக்குள் விரலை விட்டுத் தேடினாள். 'ம' தட்டுப்பட்ட இடத்தில் விரல் நின்றது. வீட்டில் உலக்கை, முறம், தகரப் பெட்டி என்று எல்லாவற்றிலும் அவன் அதைக் கீறி வைத்திருப்பான் என்பது ரங்கம்மாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"அப்ப அவரு ஓடல," என்றாள் லட்சுமியம்மாள்.

"ஓடல அண்ணி."

அவள் அழுவாள் என்று ரங்கம்மா எதிர்பார்த்தாள். லட்சுமியம்மாள் நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்தும் தண்ணிக் குழாயடியிலிருந்தும் இத்தனை வருஷம் அவளைப் பார்த்துச் சிரித்த தெரு அது. அதை ஒவ்வொரு வீடாகப் பார்த்தாள். அப்புறம் ரங்கம்மா பக்கம் திரும்பினாள்.

"அவரு அன்னிக்கி வேலைக்கே வரலன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுத்தாங்களே. அது யாரு? உங்கம்மாதான?"

இதற்குத்தான் வந்தது என்று ரங்கம்மாவுக்குத் தெரியும். வழி நெடுக பஸ்ஸில் இந்தப் பதிலைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அண்ணனைக் காப்பாற்ற நினைத்தேன், ஏமாற்றிவிட்டார்கள், இருபது வயசு என்று எவ்வளவோ இருந்தது. அத்தனையையும் விட்டுவிட்டாள்.

"நான்தான் அண்ணி."

நிலக்கடலை மேல் காக்கை இறங்கியது. யாரும் விரட்டவில்லை. லட்சுமியம்மாள் கிட்டாரை மடியிலிருந்து எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். புடவைத் தலைப்பால் நெற்றிக் குங்குமத்தை ஒரே இழுப்பில் துடைத்தாள்.

"அந்தாள் மேல கேசு குடுக்கணும். நான் வரன். நீ காயிதத்துல கையெழுத்துப் போட்டத அங்கியும் நீதான் சொல்லணும்," என்றாள்.

ரங்கம்மா தலையாட்டினாள்.

"அதுக்கு மின்ன இந்தக் கயித்த எடுக்கணும். இத்தன வருசமா நான் கட்டிக்கிட்டிருந்தன். கையெழுத்துப் போட்ட அந்தக் கையாலயே நீ கழட்டு."

வேண்டாம் அண்ணி என்று ரங்கம்மா இரண்டு தடவை சொன்னாள். லட்சுமியம்மாள் திரும்பி உட்கார்ந்து, நரைத்த பின்னலை முன்பக்கம் தள்ளிவிட்டுக் கழுத்தைக் குனிந்துகொண்டாள். எதிர்வீட்டு வாசலில் ஆள் கூடிவிட்டது. ரங்கம்மா மண்டியிட்டு அந்த முடிச்சில் கை வைத்தாள். புதுக் கயிறு, இறுக்கிப் போட்ட மூன்று முடிச்சு. அவள் விரலில் மஞ்சள் ஒட்டியது.